முகம் விழாத படம்

மார்ச் 2

அன்பு வாயாடிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் மகள் முந்திரியும் சுகம். நீ சுகமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன், கேட்கவே கூசுகிறது. காய்ச்சல் விட்டதா? தையல் போட்ட இடம் ஆறுகிறதா? மாப்பிள்ளை மறுபடி பஸ் ஓட்டப் போகிறாரா, லீவை நீட்டியிருக்கிறாரா?

நான் அங்கிருந்து திரும்பிப் பத்து நாள் ஆகிறது. ஸ்டூடியோவைத் திறந்த அன்றைக்கே ஒரு கல்யாண ஜோடி வந்தது. ஃபிளாஷ் அடிக்கும்போதெல்லாம் அந்த மனிதர் கண்ணை மூடிக்கொள்கிறார். "சார், நீங்க மூடியே இருங்க, நான் சொல்றப்ப மட்டும் திறங்க" என்றேன். நான் சொன்னதும் வாயைத் திறந்தார். இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுத வேண்டியதைத் தள்ளிப்போடுகிறேன், வேறென்ன.

உன்னை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "அண்ணா, நான் முழிக்கிறதுக்குள்ள கொண்டுபோயிடுவாங்க. கடுகை ஒரு படம் எடுத்து வை. நான் அவ முகத்தைப் பாக்கணும்" என்றாய். வயிற்றில் குழந்தைக்கு உயிர் இல்லை என்று டாக்டர் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அந்த நேரத்திலும் உனக்கு அது தோன்றியிருக்கிறது. நீ பயந்தபடியே ஆயிற்று. நீ கண் திறக்க மூன்று நாள் ஆனது, இரண்டாம் நாளே அடக்கம் முடிந்துவிட்டது.

படம் இதோடு வருகிறது. இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து ஒட்டியிருக்கிறேன், மெதுவாகப் பிரி. பார்க்க மனசு வராவிட்டால் அலமாரியில் வைத்துவிடு. அவசரம் ஒன்றுமில்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்

*

மார்ச் 9

என் அண்ணாவுக்கு,

நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும். எனக்குக் காய்ச்சல் இல்லை, தையல் ஆறிவிட்டது. அடுத்த வரி அண்ணிக்கு மட்டும், நீ தாண்டிப் படி. அண்ணி, பால் இன்னும் நிற்கவில்லை. குடிக்க ஆள் இல்லை என்று இந்த உடம்புக்கு யார் சொல்வது?

அட்டையை நான் பிரிக்கவில்லை. அவரைப் பிரிக்கச் சொன்னேன். அண்ணா, உன் மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லையாம். எனக்கு இப்போதுதான் தெரியும். துணியில் சுற்றிக் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டு நேரே பார்த்து நடந்தாராம், பஸ் ஓட்டுகிற மாதிரி. முதல் ஸ்கேனில் டாக்டர் காட்டிய புள்ளியைப் பார்த்து "இது என்ன, கடுகு மாதிரி இருக்கு" என்று பெயர் வைத்த மனுஷன்! படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "தூங்குறாடி" என்றார். அப்புறம் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அரை மணி நேரம் வெளியே வரவில்லை.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பாடத்தை ஒப்பிக்கிறார்கள். "உனக்கென்ன வயசாயிடுச்சு, அடுத்தது தங்கமாப் பொறக்கும்." பக்கத்து வீட்டு டீச்சரம்மா ஒரு படி மேலே போய், "முகத்தைப் பாக்காததே நல்லது. பாத்திருந்தா மறக்க முடியுமா?" என்றார். நான் உள்ளே போய்ப் படத்தை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தேன். "எவ்வளவு அழகா இருக்கா" என்றார். என் மகளை ஒருவர் அழகு என்று சொன்னது அன்றைக்குத்தான்.

உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நீ இல்லாவிட்டால் எனக்கு ஒன்றுமே மிஞ்சியிருக்காது.

தங்கச்சி

*

மார்ச் 14
(எழுதி, ஒட்டி, அனுப்பாமல் மேஜை இழுப்பறையில் வைத்தது)

அன்புத் தங்கச்சிக்கு,

நலம் விசாரிக்கிற தகுதி எனக்கு இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் படத்தில் இருப்பது கடுகு இல்லை. அது முந்திரி, பிறந்து பன்னிரண்டாம் நாள். இதுவரை பிரிண்ட் போடாத நெகட்டிவ். காதுக்குக் கீழே அவளுக்கு இருக்கிற மச்சத்தைப் பிரஷ்ஷால் மறைத்தேன்.

பிரசவ வார்டுக்குப் பக்கத்தில் ஜன்னல் வைத்த சின்ன அறை. நர்சம்மா குளிப்பாட்டி, துண்டில் வைத்துக் கொண்டுவந்து, "பத்து நிமிஷம் எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கேமராவைக் கண்ணில் வைத்தேன். மங்கலாகத் தெரிந்தது. ஃபோகஸ் சரியில்லை என்று வளையத்தைத் திருகினேன். இன்னும் மங்கல். இந்தப் பக்கம் திருகினேன், அந்தப் பக்கம் திருகினேன். இருபத்திரண்டு வருஷம் படம் எடுத்தவன், என் கண்ணில் தண்ணீர் நிற்பதுகூடத் தெரியாமல் லென்ஸில் கோளாறு தேடியிருக்கிறேன். குத்துமதிப்பாக ஐந்து தடவை அழுத்திவிட்டு வெளியே ஓடி வந்தேன். வீட்டில் ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால் ஐந்திலும் முகம் விழவில்லை.

நீ கேட்டது ஒன்றே ஒன்று. அதைச் செய்யத் துப்பில்லை என்று உன்னிடம் எப்படிச் சொல்வேன்? சொல்ல முடியாமல்தான் இந்தக் காரியத்தைச் செய்தேன். உன் அண்ணிக்கும் தெரியாது. உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்துவிட்டு அவள் அழுதாள். நான் எழுந்து டார்க் ரூமுக்குப் போய் வேலை இருக்கிற மாதிரி நின்றேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 6

அன்பு வாயாடிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. என் பதில் தாமதமானதற்குத் தபால்தான் காரணம் என்று நினைக்கிறேன், போன மாதமே ஒன்று போட்டிருந்தேன்.

முந்திரிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. பெயருக்கு ஏற்ற மாதிரி, பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேள்வியை முடிக்கும் முன்பே பதில் சொல்லிவிடுகிறாளாம். இப்போது காற்று மட்டும் வருகிறது, டீச்சருக்கு நிம்மதி. வெயில் ஏறிவிட்டது. அண்ணிக்கு முதுகுவலி.

எதையும் நினைத்துக்கொண்டிருக்காதே. வேலைக்குத் திரும்பினால் மனசுக்கு மாறுதலாக இருக்கும்.

அண்ணன்

*

ஏப்ரல் 11

அண்ணாவுக்கு,

நலம், நலமே விழைகிறேன். போன திங்கட்கிழமை முதல் தபாலாபீஸ் வேலைக்குப் போகிறேன். எனவே தபால் மீது பழி போடாதே. உங்கள் பக்கத்துப் பை மூன்றாம் நாள் காலை என் மேஜைக்குத்தான் வருகிறது, நானேதான் பிரிக்கிறேன். போன மாதம் நீ ஒன்றும் போடவில்லை. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா? தபால்காரிக்கே தபால் கதையா!

உன் கடிதத்தில் எல்லோரும் இருந்தார்கள், பல், வெயில், முதுகுவலி உட்பட. கடுகு மட்டும் இல்லை. மற்றவர்கள் அவளைப் பேசாமல் தாண்டிப் போவது எனக்குப் பழகிவிட்டது. நீயுமா?

ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதது. வியாழக்கிழமை மதியத்திலிருந்தே அவள் உதைக்கவில்லை. அரசு வேலை விண்ணப்பங்கள் மூட்டை மூட்டையாக வந்த வாரம் அது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? "தூங்குறா போல. நல்லதாப் போச்சு, வேலையாவது ஓடும்." நல்லதாப் போச்சு என்று நினைத்தேன் அண்ணா. சனிக்கிழமை காலைதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அந்தப் படத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிறேன். தூங்குகிற முகம்தான், ஆனாலும் கேட்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன். அவளை நின்று பார்த்தவன் நீ ஒருவன்தான். உண்மையைச் சொல். முகத்தில் வலி இருந்ததா? கஷ்டப்பட்ட மாதிரி இருந்ததா?

தங்கச்சி

*

ஏப்ரல் 15

தங்கச்சிக்கு,

உன் கேள்விக்கு முதலில் பதில். வலி இல்லை. படத்தில் இருக்கிற மாதிரிதான் இருந்தாள்.

வியாழக்கிழமையே போயிருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கொடி சுற்றியிருந்தது என்று டாக்டரே சொன்னாரே. உன்னை நீயே தண்டித்துக்கொள்ளாதே. தப்பு செய்தவர்கள் வேறு எத்தனையோ பேர் நிம்மதியாக நடமாடுகிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

ஜூன் 8

அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் குழந்தையும் நலந்தானே? இங்கே ஒரு புது விஷயம். ஆஸ்பத்திரி மாடியில் ஒரு அறையில் புதன்கிழமை சாயங்காலம் எங்களைப் போன்றவர்கள் கூடுகிறோம். ஏழெட்டு அம்மாக்கள், இரண்டு அப்பாக்கள். உன் மாப்பிள்ளை வாசல் வரை வந்து டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார். யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்லக்கூடாது, அதுதான் அங்கே சட்டம். பிள்ளையைப் பற்றிக் கேட்கலாம், பெயர் சொல்லிக் கேட்கலாம். போன வாரம் ஒருவர் "கடுகு எந்தப் பக்கம் உதைப்பா?" என்று கேட்டார். வலது பக்கம் என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தேன், அண்ணா.

இந்த வாரம் படத்தைக் கொண்டுபோனேன். கூட்டத்தை நடத்துகிற நர்சம்மாதான் கடுகைக் குளிப்பாட்டியவராம். படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "முடி எங்கம்மா?" என்றார். "கருகருன்னு காதை மூடுற அளவுக்கு முடி இருந்துச்சே. நான்தானே துவட்டினேன்." படத்தில் தலையில் பூனை முடிதான் இருக்கிறது. அவர் சட்டென்று, "நான் மாத்திச் சொல்றேன் போல, எத்தனை குழந்தை பாக்குறோம்" என்று படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் முகம் மட்டும் சரியில்லை.

வெளிச்சத்தில் முடி தெரியாமல் போகுமா? இல்லை, நர்சம்மாவுக்குத்தான் ஞாபகப் பிசகா? ஒரு வரி எழுதிவிடு, போதும். நீ சொன்னால் நம்புவேன்.

தங்கச்சி

*

ஜூன் 13

தங்கச்சிக்கு,

நர்சம்மா சொன்னதுதான் சரி.

மார்ச் 14 என்று தேதியிட்ட கடிதம் இதோடு இருக்கிறது. போட்டேன் என்று நான் பொய் சொன்ன கடிதம் அது, எழுதியது மட்டும் உண்மை. மேற்கொண்டு விளக்கம் சொல்ல எனக்கு வாயில்லை. அதில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். முகத்தில் வலி இருந்ததா என்று கேட்டாய், இல்லை என்றேன். எனக்குத் தெரியாது. நான் பார்த்தது வெறும் தண்ணீரை.

அண்ணியிடமும் சொல்லிவிட்டேன். "உயிரோட விளையாடிட்டிருக்கிற பிள்ளையை எடுத்து இறந்த பிள்ளை இடத்துல வச்சிருக்கீங்களே, கை எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. தட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

என்னைத் திட்டியாவது எழுது.

அண்ணன்

*

ஆகஸ்ட் 20

மச்சானுக்கு வணக்கம்.

நலம்தானே? எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஜூன் கடிதத்துக்கு அப்புறம் நீங்கள் போட்ட மூன்று கடிதமும் வந்தது. அவள்தான் பையிலிருந்து எடுத்தாள், வீட்டுக்கும் கொண்டுவந்தாள். பிரிக்கவில்லை. அவள் பதில் எழுதுவாள் என்று எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு மாதமாகப் புதன்கிழமைக் கூட்டத்துக்கும் போகவில்லை. "எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது, யாரோட மூஞ்சியை எடுத்துக்கிட்டுப் போறது" என்கிறாள்.

முந்திரியின் படத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னாள், இதில் இருக்கிறது. பத்திரமாக இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டாள்.

நீங்கள் மட்டும் குற்றவாளி இல்லை மச்சான். நீங்கள் பார்க்க முயற்சியாவது செய்தீர்கள். நான் அப்பன், குனியக்கூட இல்லை. எனக்குத் தெரிந்தது கனம் மட்டும்தான். ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதெல்லாம் கை அந்தக் கனத்தைத் தேடுகிறது. இதை அவளிடம் போன வாரம்தான் சொன்னேன். எவ்வளவு கனம் என்று கேட்டாள். வீட்டில் ஒவ்வொரு சாமானாகத் தூக்கிப் பார்த்து, கடைசியில் ஒரு தலையணையைச் சுருட்டி, உள்ளே இரண்டு புத்தகம் வைத்து அவள் கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் வைத்திருந்தாள்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை

*

அக்டோபர் 9
(தபால் அட்டை)

முகம் விழவில்லை என்று எழுதினாயே, அந்த ஐந்தையும் அனுப்பு. தொட்டுத் திருத்தாமல்.

*

அக்டோபர் 13

தங்கச்சிக்கு,

ஐந்தும் இதில். கழுவியபடியே பிரிண்ட் போட்டேன், பிரஷ்ஷை எடுக்கவில்லை. எதுவும் தெரியாது, மனசைத் தயார் செய்துகொண்டு பிரி. நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. நீ நன்றாக இருந்தால் போதும்.

அண்ணன்

*

நவம்பர் 3

என் அண்ணாவுக்கு,

நான் நலம். நீ, அண்ணி, முந்திரி மூவரும் நலமா? ஐந்து மாதமாகக் கேட்காமல் விட்டதற்கும் சேர்த்துக் கேட்கிறேன். அண்ணி பேச ஆரம்பித்துவிட்டாரா? இல்லையென்றால் நான் எழுதுகிறேன், எனக்காகப் பேசட்டும்.

உன் மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். மூன்று மாதம் முந்திரியின் முகத்திடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அவளுக்கு ஒரு தும்மல் வந்தாலும் இனி எனக்குத்தான் பதறும். அந்தப் பயத்தை நீதான் கொடுத்தாய், அது சீக்கிரம் போகாது.

போன புதன்கிழமை கூட்டத்துக்குப் போனேன். அவரும் இந்தத் தடவை உள்ளே வந்தார். அந்த வியாழக்கிழமையைப் பற்றி, "நல்லதாப் போச்சு" என்று நினைத்ததையும் விடாமல், எல்லோர் முன்னும் சொன்னேன். உன் தப்பில்லை என்று யாரும் சொல்லவில்லை. எதிரில் இருந்த ஒருத்தி, "எனக்கு அது செவ்வாய்க்கிழமை" என்றாள். அவ்வளவுதான். வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஐந்து படத்தையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பினோம். முகம் எதிலும் விழவில்லை, நீ சொன்னபடிதான். கருப்பாகக் குவியலாக முடி தெரிகிறது. அண்ணா, ஒன்று கேட்கிறேன். அழுதேன் என்று ஏன் அப்போதே சொல்லவில்லை? நான் கண் திறந்தபோது கட்டிலைச் சுற்றி எல்லோரும் கல் மாதிரி நின்றீர்கள். "தைரியமா இரு" என்றாய். அவளுக்காக அழ நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்று நினைத்தேன். அவள் வந்துபோனதே என் கற்பனையோ என்றுகூடத் தோன்றியிருக்கிறது. ஐந்து படம் பாழாகும் அளவுக்கு உன் கண்ணில் தண்ணீர் நின்றிருக்கிறது. எனக்குக் கொடுக்க வேண்டியது அதைத்தானே? அது தெரிந்திருந்தால் முகம் இல்லாமலே இருந்திருப்பேனே, பைத்தியக்காரா.

நாலாவது படத்தை நீ சரியாகப் பார்க்கவில்லை. முகம் விழாவிட்டால் உங்கள் தொழிலில் அது குப்பை, அதோடு விட்டிருப்பாய். வளையத்தைக் கண்டபடி திருகியதில் ஃபோகஸ் முன்னால் வந்துவிட்டது போல. துண்டுக்கு வெளியே ஒரு கை இருக்கிறது. அது தெளிவாக விழுந்திருக்கிறது, தோல் சுருக்கம் வரைக்கும். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "கட்டைவிரல் என்னுதுடி, இதே மொண்ணை" என்று தன் விரலைப் பக்கத்தில் வைத்தார். அப்படியே இருக்கிறது. ஐந்து விரலிலும் நகம் வளர்ந்திருக்கிறது, அண்ணா. நுனியைத் தாண்டி வந்திருக்கிறது. நான் வெட்டிவிட வேண்டிய அளவுக்கு இருக்கிறது.

அந்தக் கையை மட்டும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அனுப்பு. மோதிர விரல் நகத்துக்கு அடியில் அழுக்கு மாதிரி ஏதோ இருக்கிறது. அதை எடுத்துவிடாதே. அது அவளுடையது.

உன் தங்கச்சி